சாம்பிள் ரூம் கேமரா

எனக்கும் சாம்பிள் ரூமுக்கும் ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் வருவதற்கு முன்னால் வாங்குகிறவன் ஒரே ஒரு ஜோடி செய்து காட்டச் சொல்வான். அந்த ஒரு ஜோடிக்காகவே ஒவ்வொரு கம்பெனியிலும் தனியாக ஓர் அறை உண்டு. அங்கே ஃபேன் நன்றாகச் சுற்றும். தோலில் முதுகுப் பகுதியாக, தழும்பில்லாத இடமாகப் பார்த்து வெட்டுவார்கள். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வாங்குகிறவன் அந்த ஜோடியைத் தடவிப் பார்ப்பான், வளைத்துப் பார்ப்பான், மோந்துகூடப் பார்ப்பான். பிறகு 'வெரி குட்' என்பான். முதலாளி சாம்பிள் ரூம் ஆட்களின் தோளில் தட்டிக் கொடுப்பார். அதற்கப்புறம் அந்த ஆர்டரின் அத்தனை ஆயிரம் ஜோடியையும், வியர்வை கண்ணில் வழிய, டார்கெட் டார்கெட் என்று காதில் கத்தல் விழ, லைனில் உட்கார்ந்து தைப்பது நாங்கள். எங்கள் தோளில் யாரும் தட்டியதில்லை. நாங்கள் தைத்ததை எந்த வெளிநாட்டுக்காரனும் மோந்து பார்த்ததில்லை.

பதினெட்டு வருஷம் அப்படித் தைத்துவிட்டுத்தான் கேமரா பக்கம் வந்தேன்.

எங்கள் முதலாளி ஃபைஸான் பாய் மேல்விஷாரத்துத் தோல் வியாபாரக் குடும்பம். இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவர், அப்பாவின் ஷூ கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஷெட்டைக் காலி செய்து கேமரா செய்யப் போகிறேன் என்றார். கடையில், கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூட வாசலில் மாட்டுகிறார்களே, அந்தக் கண்காணிப்புக் கேமரா. அவர் அப்பாவே சிரித்தார். ஃபைஸான் பாய் நேராக என் மெஷினுக்கு வந்தார்.

"சுந்தரியக்கா, இது பொடி வேலை. கண்ணும் கையும் ஒண்ணா ஓடணும். உங்க லைன் பொம்பளைங்களை விட்டா எனக்கு வேற ஆளு கெடையாது."

நம்பினேன். மாதனூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வேனில் வருகிற முப்பது பெண்களிடம் நானே பேசி, ஷூ லைனில் அவர்களுக்கிருந்த நிரந்தர இடத்தை விட வைத்து, இந்த ஷெட்டுக்குக் கூட்டி வந்தேன். சிலருடைய புருஷன்மார் என் வீட்டுக்கே வந்து, "நாளைக்கி இந்தக் கேமரா கம்பெனி படுத்துச்சின்னா நீயா சோறு போடுவ?" என்று கேட்டார்கள். "படுக்காது போய்யா" என்று அனுப்பினேன். அந்த வார்த்தை என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷூ பக்கத்திலிருந்து இன்னொருவரையும் பாய் கூட்டி வந்தார். கோதண்டபாணி அண்ணன், சாம்பிள் ரூமின் மூத்த கை. எந்தப் புது மாடலிலும் முதல் பீஸின் பாகங்களை ஈயத்தை உருக்கிக் கையால்தான் பற்ற வைக்க வேண்டும். அவர் கை தங்கமான கை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வந்த வாரமே ஷெட்டின் மூலையைப் பலகை போட்டு மறைத்து, ஒரு ஃபேனைப் பிடித்து மாட்டி, வாசலில் 'சாம்பிள் ரூம்' என்று எழுதி ஒட்டிவிட்டார். தினமும் டீ நேரத்தில் லைனுக்கு வந்து எங்கள் வேலையை எட்டிப் பார்த்து, "பரவால்ல, ஓடும்" என்பார். அந்த 'ஓடும்' என்கிற சொல்லுக்காகவே அவரை ஒரு நாள் கடித்துவிடலாம் என்றிருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கத்தின் புதுச் சட்டம் வந்தது. இனி கேமரா விற்க வேண்டுமானால் பாதுகாப்புப் பரிசோதனையில் தேற வேண்டும். உள்ளே இருக்கும் முக்கியமான சிப் ஒவ்வொன்றும் எந்த நாட்டில், யார் செய்தது, யார் கை வழியாக வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புரோகிராமைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு கேமராவை அவர்களுடைய லேபுக்கு அனுப்ப வேண்டும். பாய் எங்களை ஷெட்டில் உட்கார வைத்துச் சொன்னார்.

"நம்ம கேமரா போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குது, பேங்க்ல இருக்குது. உள்ள இருக்கற சிப்புல எவனாவது திருட்டு வழி ஒண்ணு வெச்சிருந்தான்னு வைங்க. அவன் எங்கியோ வேற நாட்டுல உக்காந்துகினு நம்ம ஊரைப் பாத்துகினு இருப்பான். இல்லன்னா ஒரு நாள் மொத்தக் கேமராவையும் ஒரே நேரத்துல அணைச்சிடுவான். அத்தத்தான் கவர்மென்ட் கேக்குது. தப்பில்ல."

பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நாடு, எல்லை, எதிரி என்றால் டிவியில் வருகிற விஷயம்தானே. எனக்குக் கொட்டாவி வரவில்லை. என் மகள் வேலூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவளுடைய ஹாஸ்டல் வாசலில் மாட்டியிருப்பது எங்கள் கேமரா. போன வருஷம் அவளை விடப் போனபோது அண்ணாந்து பார்த்து, "நாங்க செஞ்சதுடி" என்று பீற்றிக்கொண்டு வந்தேன். யாரோ ஒருத்தன் அதன் வழியாக அந்தப் பெண்பிள்ளைகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அன்றைக்கு எனக்கு அந்தச் சட்டம் புரிந்துபோயிற்று.

ஒரு வருஷம் பாடுபட்டோம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சரக்கையெல்லாம் பாய் நிறுத்தினார். விலை ஜாஸ்தியானாலும் பேர் ஊர் தெரிந்த இடத்தில் வாங்கினார். சிப்பெல்லாம் உட்காரும் போர்டையே மாற்றி வரைந்தார்கள். நாங்கள் கைப்பழக்கத்தை முதலிலிருந்து மாற்றிக்கொண்டோம். எல்லாம் முடிந்து, ஒரு கேமராவைப் பரிசோதனைக்கு அனுப்பும் நாள் வந்தது. யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. பரிசோதனைக்குப் போவது சாம்பிள், சாம்பிளைச் செய்வது சாம்பிள் ரூம். கோதண்டபாணி அண்ணன் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். வெளியே எடுத்து வந்தபோது மகளைக் கல்யாண மேடைக்கு அழைத்து வருகிறவர் போல முகத்தை வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

பிறகு ஒரு நாள் காலை, ஃபைஸான் பாய் லேப்டாப்பைக் கையில் திறந்து பிடித்தபடியே லைனுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மெமரி சிப்பு மாறியிருக்குதாம்."

"எதுல?"

"நாம அனுப்புன சாம்பிள்ல. நாம எழுதிக் குடுத்தது ஒண்ணு, உள்ள இருக்கறது வேற ஒண்ணு. எங்க செஞ்சதுன்னே தெரியாத சிப்பாம். கேமராவோட மொத்தப் புரோகிராமும் அதுலதான இருக்குது? திருட்டு வழி வெக்கறவன் அங்கதான் வெப்பான்."

"இப்ப இன்னா பண்ணுவாங்களாம்?"

"நிறுத்தி வெச்சிட்டாங்க. நாம மறைச்சி ஏதோ பண்றோம்னு சந்தேகப்படறாங்க. ஆளு வந்து பாப்பாங்க. திருப்தி இல்லன்னா சர்ட்டிபிகேட் கெடையாது. சர்ட்டிபிகேட் இல்லன்னா இந்த ஷெட்டுலேர்ந்து ஒரு கேமரா வெளிய போகாது." கொஞ்சம் தயங்கினார். "உங்க லைன்ல யாராவது தெரியாம கை மாத்திப் போட்டிருப்பாங்களா?"

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "பாய், தப்புன்னு வந்தா மட்டும் எங்க லைனா? வாங்க இப்டி" என்று அவர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய், பெல்ட்டில் போய்க்கொண்டிருந்த போர்டுகளை வரிசையாக எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். ஒன்று, இன்னொன்று, அடுத்தது. எல்லாம் ஒரே சிப், எழுதிக் கொடுத்த அதே சிப். மேசை மேசையாகத் திறந்து காட்டினேன். பாய் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ நேரம் தாண்டிவிட்டது. கோதண்டபாணி அண்ணன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

பலகைக் கதவைத் தள்ளினோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, தொடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நான்தான் மாத்துனேன்."

நான்தான் கேட்டேன். "ஏண்ணா?"

"சாம்பிள்னா சாம்பிளாட்டம் இருக்க வேணாமாம்மா?" அவருடைய குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "லேப்ல சூட்டுல போட்டு வாட்டுவாங்கன்னு பாய்தான் சொன்னாரு. லைன்ல போடறது சாதா சிப்பு. மெட்ராஸ்ல தெரிஞ்ச கடைக்காரன் ஒருத்தன், இது மிலிட்டரிக்குப் போற சரக்குண்ணா, எவ்ளோ சூடு வெச்சாலும் அசையாதுன்னு குடுத்தான். எங் கைக்காசு போட்டு வாங்கியாந்தேன். ஜெர்மனிக்காரனுக்கு வயித்துத் தோல்ல ஷூ தெச்சா அனுப்புவோம்? முதுகுத் தோலாப் பாத்துத்தான அனுப்புவோம்?"

அவரை அடிக்கவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவர் செய்ததுதான் சரி என்பார்கள். காட்டுகிற பீஸை ஒரு படி உசத்தியாகச் செய்வது இங்கே பொய் இல்லை, மரியாதை. ஆனால் அவர் சொன்னதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறு. 'சாதா' என்றார் பாருங்கள், அது.

பாய் தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கோதண்டபாணி அண்ணன் பயந்துபோய், "அந்தக் கடைக்காரன்கிட்ட சொன்னா நம்ம பேருக்குப் பழைய தேதி போட்டு ஒரு பில்லு குடுப்பான் பாய். அந்தச் சிப்பும் நம்ம சரக்குதான், எழுத மறந்துட்டோம்னு சொல்லிடலாம்" என்றார்.

பாய் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நான் மறக்க மாட்டேன். அவர் கெட்டவர் இல்லை. முப்பது குடும்பமும் அப்பாவின் சிரிப்பும் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கும்.

"பாய்," என்றேன், "அந்தச் சிப்பு எங்கேர்ந்து வந்துச்சின்னு நமக்கே தெரியாது. தெரியாதத்தத் தெரியும்னு சொல்றதுக்கு ஒரு வருஷம் எதுக்குப் பாடுபட்டோம்? எம் பொண்ணு ஹாஸ்டல் வாசல்ல நம்ம கேமரா தொங்குது. பொய் பில்லு வெச்ச கேமரா அங்க தொங்கக் கூடாது. அப்டி ஒரு சர்ட்டிபிகேட் வந்தா நானே கல்லால அடிச்சி உடைப்பேன்."

"உண்மையச் சொன்னா நம்புவாங்களாக்கா? கேக்கறவங்களுக்குக் கதை வுடற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். சிரிச்சிட்டுப் போவட்டும்."

பாய் எழுந்தார். "சரி. உள்ளது உள்ளபடி" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக அவருக்கு இன்றுவரை என் மனசில் ஒரு நாற்காலி உண்டு.

வந்தவர் பாரதி மேடம், அந்த லேபின் இன்ஜினியர். என்னைவிட வயதில் சின்னவர். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி, முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. பாய் எதையும் மறைக்காமல் சொன்னார். கோதண்டபாணி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியல. சாம்பிளை மட்டும் ஏன் மாத்தணும்?" என்று கேட்டார்.

இதற்கு பாய் சொன்னால் சரியாக வராது என்று நான் முந்திக்கொண்டேன். ஷூ கம்பெனி, முதுகுத் தோல், வெளிநாட்டுக்காரன் மோந்து பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் ஓரிடத்தில் சிரித்தும்விட்டார். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"நல்லாப் புரியுது" என்றார். "நீங்க சொல்றது உண்மையாக்கூட இருக்கும். ஆனா ஒண்ணு யோசிங்க. நாட்டுக்குக் கெடுதல் பண்ண நினைக்கிறவன் என்ன செய்வான்? லேபுக்கு ஒரு கேமரா அனுப்புவான், கடைக்கு வேற கேமரா அனுப்புவான். நீங்களும் அதைத்தான் செஞ்சிருக்கீங்க. உங்க மனசு நல்லதா இருக்கலாம். என் மெஷினுக்கு மனசைப் பார்க்கத் தெரியாது."

நாங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்தது, வெளியே நின்று பார்க்கிறவருக்குத் திருட்டின் அதே உருவத்தில் தெரிகிறது. அதில் அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

"அப்ப லைன்லேர்ந்து எடுங்க மேடம்" என்றேன். "நீங்களே எடுங்க. நாங்க யாரும் தொட மாட்டோம்."

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். கோதண்டபாணி அண்ணன் பதறியே போனார். ஷூ காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் கம்பெனியில் லைன் சரக்கு நேராகப் பரிசோதனைக்குப் போனதே கிடையாது.

"அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று மேடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பெரிய வீர வசனம் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய காலை வேலையாம்.

அவர் எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. குடோனில் ஒட்டி அடுக்கிய அட்டைப்பெட்டிகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பெல்ட்டில் ஓடிக்கொண்டிருந்ததிலிருந்து இரண்டு. ரிப்பேருக்கு ஒதுக்கிய மேசையிலிருந்துகூட ஒன்று. கடைசியில், சேர்ந்து சில மாதமே ஆன கிரேஸியின் முன்னால் போய் நின்று, அவள் கையில் இருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டார். கிரேஸிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த பீஸின் மூடியில் பசை கொஞ்சம் வழிந்திருந்தது. கோதண்டபாணி அண்ணனால் தாங்க முடியவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் மேடம், தொடச்சி மட்டும் குடுக்கறேன்" என்று ஓடி வந்தார்.

"தொடாதீங்க" என்றார் மேடம். கத்தவெல்லாம் இல்லை. அண்ணன் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

லைன் ஓரத்திலேயே ஒரு மேசை போட்டு எல்லாவற்றையும் திறந்தார். போர்டின் ஓரத்தில் நாலு புள்ளி இருக்கும், அதில் கம்பி வைத்தால் புரோகிராமுக்குள் நுழையப் பார்க்கலாம். லேப்டாப்பை மாட்டி ஒவ்வொன்றிலும் நுழையப் பார்த்தார். ஒன்றும் உள்ளே விடவில்லை. அப்புறம் எல்லாக் கேமராவையும் ஓட விட்டு, அவை இன்டர்நெட்டில் யாரிடமாவது பேசுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் வரை ஒன்றும் பேசவில்லை. வருகிறவர்களுக்குப் பிரியாணி வாங்கிப் போடாமல் அனுப்பியதாக எங்கள் ஊரில் சரித்திரமே இல்லை. பாய் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மேடம், "வேணாங்க, ரூல்ஸ்" என்று பையிலிருந்து தயிர்சாதத்தை எடுத்தார். அவர்கள் சட்டத்திலேயே கொடுமையான பிரிவு இதுதான் என்று பாய் என் காதில் முணுமுணுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது நடந்தது. மேடம் பெட்டியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சிகளையும் எடுத்து வைத்தார். கூடவே எங்கள் பழைய சாம்பிளையும். அண்ணன் தன் மகளைப் போல அலங்கரித்து அனுப்பினாரே, அந்தக் கேமரா. பாட்டிலில் பஞ்சை நனைத்து, கோதண்டபாணி அண்ணன் போட்ட சிப்பின் தலையில் தேய்த்தார்.

பஞ்சு கருப்பாகிவிட்டது. சிப்பின்மேல் அச்சடித்திருந்த பெயர் கரைந்து, அதற்கு அடியில் சுரண்டி அழித்த இன்னொரு பெயரின் கோடுகள் தெரிந்தன.

மேடம் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. எங்களுக்கு விளக்கவும் தேவையில்லை. சாயம் போட்ட தோலை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. துணியில் கறை ஏறினால் அந்த லாட் போச்சு, யார் சிபாரிசு செய்தாலும் போச்சு.

"சாயம் போற சரக்கு" என்றார் கோதண்டபாணி அண்ணன். "என் கையால இத்தப் போட்டனே. நல்ல சரக்குன்னு போட்டனே." ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லலாம் என்று எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவள் நான். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் மேடம் புதுக் குச்சி எடுத்தார். குடோன் பெட்டியிலிருந்து எடுத்த கேமரா. நனைத்தார், தேய்த்தார், குச்சியை மேசையில் வைத்தார். வெள்ளை. பெல்ட்டிலிருந்து எடுத்த இரண்டு. இரண்டும் வெள்ளை. லைனில் யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் முப்பது ஜோடிக் கண்ணும் அந்த மேசைமேல் இருந்தது எனக்குத் தெரியும். ரிப்பேர் மேசை பீஸ். வெள்ளை. நாங்கள் வாங்கிய சரக்கிலும் யாராவது ஏமாற்றியிருந்தால்? பாய் நம்பி வாங்கினார், அவரை நம்பி நாங்கள் போட்டோம், எங்களை நம்பி முப்பது வீட்டில் அடுப்பு எரிகிறது. கடைசியாகக் கிரேஸியின் பசை வழிந்த கேமரா. மேடம் அதை மட்டும் வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்தது போல இருந்தது. குச்சியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றவற்றோடு வைத்தார்.

வெள்ளை.

பின்னால் யாரோ 'ஹப்பா' என்றார்கள். நான் அழுதேன், ஒளிக்க மாட்டேன். துக்கம் இல்லை, கர்வம். மேசைமேல் கிடந்தது அத்தனையும் எங்கள் சாதா சரக்கு. தேர்ந்தெடுக்காத, துடைக்காத, ஓட்டத்தோடு ஓட்டமாகச் செய்த சரக்கு. ஒருத்தர் வந்து கண்ணை மூடிக்கொண்டு கையில் கிடைத்ததை எடுத்து, சந்தேகத்தோடு தேய்த்துப் பார்த்தும், அது நின்றது.

மேடம் எல்லாவற்றையும் சீல் வைத்து எடுத்துக்கொண்டார். "லேப்ல முழுசாப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். சாம்பிளை மாத்தினது உங்க ஃபைல்ல பதிவாகும், அதை அழிக்க முடியாது. அடிக்கடி சொல்லாம வந்து இப்படி எடுப்போம்" என்றார் பாயிடம்.

"எப்ப வேணா வாங்க மேடம்" என்றார் பாய். முந்தைய நாள் வரை அந்த மனுஷன் அப்படிச் சொல்லியிருப்பாரா?

போகும்போது மேடம் என்னிடம் வந்தார். "உண்மையைச் சொன்னதால நான் உங்களை நம்பிடலங்க. இங்க எடுத்ததைப் பார்த்தேன், அதனாலதான் போய் முழுசாச் சோதிக்கலாம்னு நினைக்கிறேன்" என்றார். சிலருக்கு இது கசப்பாகப் படலாம். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை.

மூன்று மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். ஷெட்டில் கேமரா அடுக்கியபடி நின்றது. வேனில் வருகிற பெண்களின் வீட்டிலிருந்து மறுபடி கேள்வி வந்தது. பாய் ஒருத்தரையும் நிறுத்தவில்லை. கோதண்டபாணி அண்ணன் ஒரு நாள் தானாக வந்து, "எனக்குப் பஞ்சும் பாட்டிலும் வாங்கிக் குடுங்க பாய்" என்று கேட்டார். அன்று முதல் கம்பெனிக்குள் வருகிற சிப் எதுவும் அவர் தேய்த்துப் பார்க்காமல் லைனுக்கு வருவதில்லை. அந்த வேலைக்கு அவரைப் போல ஒரு சந்தேகப்பிராணி எங்கே கிடைக்கும்?

சர்ட்டிபிகேட் வந்த அன்று பாய் ஓடி வந்தார். மூச்சு வாங்க, "பாஸு! மொத்தமும் பாஸு!" என்றார். கிரேஸி, "அந்தப் பசை வழிஞ்சதுமா பாய்?" என்று கேட்டாள். ஷெட்டே சிரித்தது. "அதுவுந்தான். ஆனா நாளைக்கிப் பசை வழிஞ்சா கையை ஒடிப்பேன்" என்றேன் நான். அன்றைக்கு பாய் வாங்கிப் போட்ட பிரியாணியை ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வந்தது. கட்டடம் முழுக்க கேமரா மாட்டப் போகிறார்களாம், முதலில் பார்ப்பதற்கு ஒன்று அனுப்புங்கள் என்றார்கள். பாய் பழைய வழக்கத்தில், "கோதண்டம் அண்ணா, ஒரு சாம்பிள்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோதண்டபாணி அண்ணன் சாம்பிள் ரூமுக்குப் போகவில்லை. காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக என் லைனுக்கு வந்து, பெல்ட் முடிகிற இடத்தில் பெட்டியைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"எதுண்ணா வேணும்?" என்று கேட்டேன்.

"எது வருதோ அதும்மா" என்றார்.

அடுத்து வந்த கேமரா அவருடைய பெட்டிக்குள் போயிற்று.